மிச்சம் நாளைக்கு: முடியாத கதைகளும் முடிவு கேட்ட நாங்களும்

2018 செப்டம்பர் கடைசி வாரம். கல்முனைக்குடியில் எங்களில் ஒருவரின் வீட்டு முன்னறை. ஒரு லெப்டொப், ஒரு கொன்ட்ரோலர், நாங்க அஞ்சு பேர். 'தி வாக்கிங் டெட்' கடைசி சீசனின் இரண்டாம் எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வழமையா இந்த இடத்தில் சண்டை தொடங்கும். யார் எந்தத் தெரிவை எடுத்தது, யாரைக் காப்பாற்றியிருக்கணும், யாரை நம்பியிருக்கக் கூடாது என்று. அன்றைக்கு ஒருத்தரும் வாய் திறக்கல்ல. மூன்றாம் எபிசோட் வருமா என்பதே சந்தேகம் என்று எங்களுக்கு முன்னமே தெரியும்.

தேத்தண்ணி கொண்டு வந்த ராத்தா எங்கட முகங்களைப் பார்த்துட்டுக் கேட்டா: "என்ன, யாரும் மவுத்தாகிட்டாங்களா?"

"இல்ல ராத்தா, கேம் கொம்பனி மூடிட்டாங்க."

"கேம்தானே! அதுக்கா இந்தக் கவல?"

அப்போ எங்களிடம் பதில் இருக்கல்ல. கேம்தான். ஆனா கவலை உண்மையான கவலை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பிந்திய பதில். முடியாத கதை ஏன் ஆளை இவ்வளவு தொந்தரவு செய்யுது? எங்களுக்கு முன்னே இப்படி நின்றவங்க யார்? அவங்க என்ன செய்தாங்க?

(ஸ்பொய்லர் எச்சரிக்கை: கீழே சில கேம்களைப் பற்றியும் 'பொன்னியின் செல்வன்' பற்றியும் பேசுவோம். கிளமென்டைனுக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்ல மாட்டோம்.)

ஒரு வெள்ளிக்கிழமை

டெல்டேல் கேம்ஸ் 2004இல் கலிபோர்னியாவில், லூக்காஸ் ஆர்ட்ஸிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய நிறுவனம். அவங்கட வழி எளிமையானது. ஒரு கேமை ஐந்து எபிசோட்டாக உடைத்து, இடைவெளி விட்டு வெளியிடுவது. சுடுறதும் ஓடுறதும் குறைவு. பேச்சும் தெரிவும்தான் கூட. ஒவ்வொரு எபிசோட்டின் முடிவிலும் உலகத்தில் எத்தனை வீதமான ஆட்கள் நீங்க எடுத்த தெரிவை எடுத்தாங்க என்று காட்டும். அந்த வீதத்தைப் பார்த்து, 'அட, நம்மளப்போல யோசிக்கிற ஆக்கள் இவ்வளவு பேரா' என்று சந்தோஷப்படாத ஆள் கிடையாது.

2012 ஏப்ரலில் 'தி வாக்கிங் டெட்' முதல் சீசன் வந்தது. லீ என்ற மனிதன், கிளமென்டைன் என்ற எட்டு வயதுப் பிள்ளை. அந்த வருஷம் நவம்பரில் ஐந்தாம் எபிசோட் முடிந்தபோது, பெயர்கள் ஓடிய பிறகு ஒரு சின்னக் காட்சி: தனியா நிற்கும் கிளமென்டைன், தூரத்தில் குன்றின் மேல் இரண்டு உருவங்கள். அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா, யாரென்றே தெரியாது. அத்தோட கேம் முடிந்தது. அடுத்த சீசன் 2013 டிசம்பரில்தான் வந்தது. பதின்மூன்று மாதம் அந்த இரண்டு உருவங்களும் குன்றில் நின்றார்கள்.

அது இனிமையான காத்திருப்பு. நாளைக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தது. 2018 வேற மாதிரி. செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. கிட்டத்தட்ட 250 பேரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள், இழப்பீட்டுப் பணம் எதுவும் இல்லாமல். 25 பேர் மட்டும் மிஞ்சினார்கள். நாலு நாள் கழித்து, ஏற்கனவே செய்து முடித்திருந்த இரண்டாம் எபிசோட் வெளியானது. அதுதான் நாங்க முன்னறையில் இருந்து விளையாடினது.

அப்போ ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம், முழுச் சீசனுக்கும் காசு கட்டினோம், நாலு எபிசோட் என்று சொன்னாங்க, ரெண்டுதான் கிடைத்தது என்றவர்கள். அவங்க கேட்டது நியாயம்தான். மற்றப் பக்கம், கதை முடியிறது இருக்கட்டும், முதல்ல வேலை இழந்தவங்கட சம்பளத்தைக் கொடுங்க என்றவர்கள். மற்ற கேம் நிறுவனங்கள் சமூக வலைத்தளங்களில் ஒரே ஹேஷ்டேக்கின் கீழ் அவர்களுக்கு வேலை வாய்ப்புகளை அறிவித்தன. நாங்க அஞ்சு பேரும்கூட அந்த இரவே ரெண்டு கட்சியானோம். கதையின் முடிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கதான் எங்களுக்கு முதல்ல வந்தது. கதையைக் கேட்கிறவனுக்கு உரிமை இருக்கு. அதைச் சொல்ல இரவிரவா வேலை செய்தவனுக்கும் உரிமை இருக்கு.

கடைசியில் 'தி வாக்கிங் டெட்' கொமிக்கை எழுதிய ரொபர்ட் கிர்க்மனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம் கதையைப் பொறுப்பெடுத்தது. பழைய ஆட்களில் ஒரு பகுதியினரைத் திருப்பி வேலைக்கு எடுத்து, 2019 ஜனவரியில் மூன்றாம் எபிசோட்டையும் மார்ச் 26இல் நாலாவதையும் வெளியிட்டார்கள். எங்களுக்கு அது உடனே விளையாடக் கிடைக்கல்ல. விளையாடினது ஏப்ரல் கடைசியில், சாய்ந்தமருது சம்பவத்துக்குப் பிறகு ஊரடங்கு போட்டிருந்த இரவுகளில். வெளியே ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்ல. என்ன நடக்கப் போகுது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத நேரம், ஒரு கதையாவது முடிவுக்கு வந்தது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இப்போ நினைத்தாலும் வெட்கமில்லாமச் சொல்லலாம்.

கல்கி விட்டுப்போன இரண்டு கதைகள்

இது கேம் காலத்துப் பிரச்சினை என்று யாரும் நினைத்தால், 1954க்குப் போவோம்.

கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடரை 1950 அக்டோபர் 29இல் தன்னுடைய பத்திரிகையில் தொடங்கினார். மூன்றரை வருஷம், வாரா வாரம், மணியத்தின் படங்களோட. வாசகர்கள் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, பைண்ட் பண்ணி வைத்தார்கள். அந்தப் பைண்ட் புத்தகங்கள் இன்றைக்கும் சில வீட்டு அலுமாரிகளில் இருக்கு. எங்கட பக்கத்து வாசகர்களுக்கு அதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. கதையின் பெரிய பகுதி இலங்கையில் நடக்குது. அருள்மொழிவர்மன் அனுராதபுரத் தெருவில் நடக்கிறான், பூங்குழலி இந்தக் கடலில் படகோட்டுகிறாள்.

கதை 1954இல் முடிந்தபோது பலருக்கு அது முடிந்ததாகவே தெரியல்ல. கடம்பூர் மாளிகையில், இருட்டில், ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்கிறான். கொன்ற கை யாருடையது? வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் என்ன ஆனது? நந்தினி எங்கே போனாள்? பட்டத்தை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்த அருள்மொழி எப்போ ராஜராஜன் ஆனான்? திடீரென்று நிறுத்திவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைபட்டார்கள். கல்கி அதை ஒதுக்கித் தள்ளல்ல. முடிவுரை ஒன்று எழுதினார். முழுக்கக் கற்பனையான கதையை மூட்டை கட்டி முடிக்கலாம், வரலாற்று மனிதர்களின் வாழ்க்கை கதைக்குப் பிறகும் போய்க்கொண்டே இருக்கும் என்ற பொருளில் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். பிறகு வாசகர்களுக்கு இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை சொன்னார்.

இன்றைய பாஷையில் சொன்னா, ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு வந்த ஒரு 'பெட்ச்'. 2012இல் 'மாஸ் எஃபெக்ட் 3' முடிவுக்கு எதிரா ரசிகர்கள் கிளம்பினாங்க. எந்தத் தெரிவை எடுத்தாலும் நிறம் மட்டும்தான் மாறுது என்று நக்கலடித்து, மூன்று நிறத்தில் ஒரே ருசியில் 400 கப்கேக் அனுப்பினாங்க. அதே கோபத்தைக் காரணமா வைத்துப் பிள்ளைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 80,000 டொலருக்கும் மேல் சேர்த்தாங்க. பயோவேர் நிறுவனம் அந்த ஜூனிலேயே நீட்டிய முடிவு ஒன்றை இலவசமா வெளியிட்டது. கல்கியின் முடிவுரை அதற்கு 58 வருஷம் முந்தியது.

ஆனா ஒன்று பாருங்க. கல்கி விடை சொன்ன பிறகும் ஆட்கள் ஓயல்ல. விக்கிரமன், தான் ஆசிரியராக இருந்த 'அமுதசுரபி'யில் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சி எழுதினார். பிறகும் பலர் எழுதினார்கள். கரிகாலனைக் கொன்றது யார் என்ற விவாதம் இன்னும் நடக்குது. வரலாற்றிலும் அந்தக் கதவு முழுசாத் திறக்கல்ல. காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடியில் உள்ள கல்வெட்டு ஒன்று, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களைச் சொல்லி, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. பெயர் இருக்கு, விடை இருக்கு. ஆனா ஏன் கொன்றார்கள், பின்னால் யார் நின்றது என்பதைக் கல் சொல்லல்ல. 2022, 2023இல் மணிரத்னத்தின் இரண்டு படங்களும் வந்தபோது எங்கட வீடுகளிலும் அதே சண்டை திருப்பித் தொடங்கியது. மூத்தாப்பா காலத்துக் கேள்வியைப் பேரப்பிள்ளை புதுசாக் கேட்டது.

கல்கி விட்டுப்போன இரண்டாவது கதை வேறு மாதிரியானது. 1954 டிசம்பர் 5இல் அவர் காலமானபோது 'அமரதாரா' தொடராக வந்துகொண்டிருந்தது. அதை அவர் விரும்பி நிறுத்தல்ல, மரணம் நிறுத்தியது. அவருடைய மகள் ஆனந்தி, தகப்பனார் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து அதை எழுதி முடித்தார்.

ஒரே வருஷம், ஒரே எழுத்தாளர், இரண்டு முடியாத கதைகள். ஒன்றைத் தெரிந்தே திறந்து வைத்தார். மற்றது கையிலிருந்து நழுவியது. முதலாவதுக்கு வாசகர்கள் கோபப்பட்டார்கள். இரண்டாவதில் எழுத்தாளரோட கோபிக்க வழியில்ல, யாராவது தோள் கொடுக்க வேண்டியிருந்தது. டெல்டேலையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். குன்றின் மேல் நின்ற இரண்டு உருவங்கள் முதல் வகை. 2018 செப்டம்பர் இரண்டாவது வகை.

விடை வேறு, முடிவு வேறு

'ஹாஃப் லைஃப் 2: எபிசோட் டூ' 2007 அக்டோபரில் வந்தது. கடைசிக் காட்சியில் ஒரு தகப்பன் மகளுக்கு முன்னால் கொல்லப்படுகிறார். மகள் அழுகிற சத்தத்தோட திரை கறுக்குது. மூன்றாம் எபிசோட் வரும் என்று வால்வ் நிறுவனம் முன்னமே சொல்லியிருந்தது. வரவே இல்ல. பத்து வருஷம் கழித்து, 2017 ஓகஸ்டில், அந்தக் கதைகளை எழுதிய மார்க் லெய்ட்லோ ஒரு காரியம் செய்தார். அவர் அப்போ வால்வை விட்டு விலகியிருந்தார். பாத்திரங்களின் பெயர்களையும் ஆண் பெண்ணையும் மாற்றி, ஒரு கடிதம் போல, அந்த எபிசோட்டில் என்ன நடந்திருக்கக்கூடும் என்று எழுதிப் போட்டார்.

ஆக, விடை கிடைத்தது. அத்தோட ரசிகர்கள் நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கணும். போகல்ல. அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்து, ஒரு சதமும் சம்பளமில்லாம, அதைக் கேமாகவே செய்யத் தொடங்கினார்கள்.

இங்கதான் எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கதையின் விடை வேறு, கதையின் முடிவு வேறு. விடை என்பது தகவல், யார் கொன்றது, யார் பிழைத்தது. முடிவு என்பது அந்தக் கதைக்குள்ளேயே, அந்தக் குரலிலேயே, அந்த இடம் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப் போகப்படுவது. கல்கியின் முடிவுரை விடைகளைக் கொடுத்தது. விக்கிரமனின் வாசகர்கள் தேடியது முடிவை.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1870 ஜூனில் இறந்தபோது 'எட்வின் ட்ரூட்' நாவல் திட்டமிட்ட பன்னிரண்டு பகுதிகளில் ஆறோட நின்றது. கொலை நடந்ததா, நடந்தால் யார் செய்தது? வாசகர்கள் 44 வருஷம் கழித்து, 1914 ஜனவரியில், லண்டனில் ஒரு பொய் வழக்கே நடத்தினார்கள். செஸ்டர்டன் நீதிபதி, பெர்னார்ட் ஷா ஜூரிகளின் தலைவர். ஜூரிகள் ஒரு தீர்ப்பைச் சொன்னார்கள், நீதிபதியோ நீதிமன்ற அவமதிப்பு என்று அங்கிருந்த எல்லாருக்கும் அபராதம் விதித்தார். சிரிப்பான கூத்துத்தான். ஆனா செத்துப்போன ஒருவர் பாதியில் விட்ட கதைக்காக அத்தனை பெரிய எழுத்தாளர்கள் ஒரு முழு மாலையைக் கொடுத்தாங்க என்பது சிரிப்பில்லை.

சீறா நின்ற இடம்

இப்போ எங்கட வீட்டுக்கு வருவோம். இது கொஞ்சம் அடக்கமாகச் சொல்ல வேண்டிய பகுதி. கேமையும் சீறாவையும் நாங்க ஒரே தட்டில் வைக்கல்ல. ஆனா முடியாமல் நின்ற ஒரு பெரும் நூலை இந்தச் சமூகம் எப்படிக் கையாண்டது என்று பார்க்காம இந்தக் கட்டுரை முழுமையாகாது.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டம்: விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து. 5,027 பாடல்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதி தொடங்கிவைத்தார். அவர் மறைந்த பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் ஆதரவில் பாடப்பட்டது. பிறப்பிலிருந்து விரிந்து வரும் நபிகளாரின் வரலாறு, ஹிஜ்றத்துக் காண்டத்தில் உறனிக் கூட்டத்தார் படலத்தோட நிற்குது. மக்கா வெற்றி இல்ல. கடைசி ஹஜ்ஜின் பேருரை இல்ல. நபிகளாரின் மறைவு இல்ல.

பிறகு காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர், விடுபட்ட அந்தப் பிற்பகுதியைச் 'சின்னச் சீறா' என்று பாடினார். பெயரைக் கவனிங்க. தன்னுடையதைப் பெரிய நூல் என்று சொல்லிக்கொள்ளல்ல. மூத்தவரின் பக்கத்தில் சின்னவராக நின்று, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். 1842இல் சீறாவை அச்சில் கொண்டுவந்தவரும் காயல்பட்டினத்தவர்தான், செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம். அவர் தானே பல காப்பியங்கள் பாடிய பெரும் புலவர். அப்படிப்பட்டவர் இன்னொருவரின் ஏடுகளைத் தேடிச் சீராக்கி அச்சேற்றினார்.

இதில் எங்களை யோசிக்க வைத்த இடம் இதுதான். சீறாவைக் கேட்ட ஒவ்வொரு முஸ்லிமுக்கும் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியும். குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு விடையும் மறைந்திருக்கல்ல. அப்போ சின்னச் சீறா ஏன் தேவைப்பட்டது? தெரிந்திருப்பது போதாது, அதே தமிழில், அதே ஓசையில், கடைசி வரைக்கும் கேட்கவேணும் என்ற ஆசைதான் காரணமென்று நாங்க நினைக்கிறோம். ராத்தாவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எங்களுக்குக் கிடைக்கல்ல. கவலை, என்ன நடந்தது என்று தெரியாததால் மட்டும் வாறதில்ல. கூட வந்த குரல் நடுவழியில் நின்றுபோனதாலும் வருது.

எங்கட மூத்தம்மாமார் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். கரன்ட் இல்லாத இரவுகளில் கிஸ்ஸா சொல்லுவாங்க. ராஜா மகன் கிணத்துக்குள்ள இறங்குவான், அந்த இடத்தில் கொட்டாவி விட்டுட்டு, "மிச்சம் நாளைக்கு மகன்" என்று படுத்துடுவாங்க. ஆயிரத்தொரு இரவு ஷஹ்ரஸாத் செய்ததும் அதேதான், அவ உயிர் பிழைக்கச் செய்தா, மூத்தம்மா எங்களைத் தூங்கவைக்கச் செய்தா. எங்களில் ஒருவருக்கு அப்படி ஒரு கிஸ்ஸா பாதியில் நிற்குது. மூத்தம்மா அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவ, திரும்பி வரல்ல. அந்த ராஜா மகன் இன்னும் கிணத்துக்குள்ளதான். இணையத்தில் தேடினால் அதைப் போன்ற கதை கிடைக்கலாம். அவன் தேடல்ல. தேட விருப்பமுமில்ல.

உலகம் பார்த்த எங்கட கதை

2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஏழு கிழமை, உலகமே கல்முனையைத் தொடர்கதை போலப் பார்த்தது. சுனாமி விட்டுச்சென்ற குப்பைக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட ரெண்டு மாதக் குழந்தை ஒன்று கல்முனை ஆஸ்பத்திரிக்கு வந்தது. அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் 'பேபி 81' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று செய்தி பறந்தது. ஒவ்வொரு நாளும் புது எபிசோட். யாருடைய பிள்ளை? யாருக்குக் கிடைக்கும்?

மரபணுப் பரிசோதனை முடிவு 2005 பெப்ரவரி 14இல் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பிள்ளை பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனா பிறகு தெளிவான விஷயம், சட்டப்படி உரிமை கேட்டு நீதிமன்றம் போனது ஒரே ஒரு தம்பதி. ஒன்பது தாய்மார் என்பது முடிவுக்காகக் காத்திருந்த உலகம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை. ஒரு குடும்பத்தின் ஏழு கிழமை வேதனை, தூர நாட்டில் டிவி பார்த்தவர்களுக்கு விறுவிறுப்பான தொடர். ரசிகர்களாக நாங்க கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதில் இருக்கு. முடிவு தெரியணும் என்ற ஆசை நல்லதுதான். அது பொறுமை இழந்தா, இல்லாததை எழுதும். கதையில் எழுதினா அது தொடர்ச்சி. மனிதர்களின் வாழ்க்கையில் எழுதினா அது வதந்தி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கட சனத்தைப் பற்றி நாட்டில் என்னென்ன கதைகள் எழுதப்பட்டன என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல.

அதே கரையில் விடையே கிடைக்காத வீடுகளும் இருக்கு. கடல் கொண்டுபோய்த் திருப்பித் தராதவர்கள். அதற்கு முந்திய யுத்த வருஷங்களில், பஸ்ஸில் ஏறினவர், வயலுக்குப் போனவர், கூட்டிக்கொண்டு போகப்பட்டவர். முஸ்லிம் வீட்டிலும் தமிழ் வீட்டிலும். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல்தான் வந்தது. அதன் முன்னால் கோப்போட நிற்கும் உம்மாமாரும் அம்மாமாரும் கேட்பது ஒரு விடை. முடிவு என்பது அவங்களுக்கு அதற்கும் அப்பால். எங்களில் ஒருவரின் மாமி சுனாமியில் மகளை இழந்தவ. மையித்து கிடைக்கல்ல. ஊரில் காயிப் ஜனாஸா தொழுதார்கள், உடல் முன்னால் இல்லாமலே தொழும் தொழுகை. அந்த ஒரு தொழுகைதான் தனக்குக் கிடைத்த முடிவு என்று மாமி சொல்லுவா. தொழுத பிறகும் அவ வாசல் லைட்டை அணைக்கிறதில்ல.

மாமியின் வாசல் லைட்டையும் எங்கட மூன்றாம் எபிசோட்டையும் பக்கத்தில் வைத்துப் பேசக் கூச்சமா இருக்கு. இரண்டும் ஒன்றல்ல. கதையில் முடிவு கேட்டு நாங்க கத்தலாம், கப்கேக் அனுப்பலாம், பொய் வழக்கு நடத்தலாம். எழுதினவர் மறுத்தா நாமளே எழுதலாம். வாழ்க்கையில் அந்த வசதி இல்ல. விடையை அதைத் தெரிந்தவர்தான் தர முடியும். அதனால்தான் கதைகளில் முடிவைத் தேடுறோமோ என்னவோ. எப்போதும் கிடைக்காத ஒன்று அங்கயாவது கிடைக்கும் என்று.

கடைசியா

ராத்தாவுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கதையைத் திறந்து வைக்கச் சொல்கிறவருக்கு உரிமை உண்டு. கல்கி அதைச் செய்தார், அந்தத் திறந்த வாசலால் எழுபது வருஷமா ஆட்கள் உள்ளே போய் வருகிறார்கள். எல்லா முடிச்சையும் அவிழ்த்திருந்தா இவ்வளவு பேர் வந்திருப்பார்களா தெரியாது. ஆனா காசு முடிந்ததாலோ, உயிர் முடிந்ததாலோ நின்ற கதை வேறு. அங்க கோபம் மட்டும் போதாது. ஆனந்தியைப் போல, பனீ அகமது மரைக்காயரைப் போல, வேலை இழந்தும் திரும்பி வந்து கிளமென்டைனின் கதையை முடித்துக் கொடுத்தவர்களைப் போல, யாராவது வந்து எடுத்துச் செல்லணும். வந்தவர் தன்னைச் சின்னவர் என்று சொல்லிக்கொண்டா இன்னும் நல்லது.

அந்த முன்னறையில் இருந்த அஞ்சு பேரில் இரண்டு பேர் இப்போ கட்டாரில். ஒருவர் ஒலுவில் கெம்பஸில். கொன்ட்ரோலர் உடைந்து போச்சு. போன நோன்புப் பெருநாளைக்கு எல்லாரும் ஊரில் சேர்ந்தோம். மூத்தம்மாவின் கிஸ்ஸா பாதியில் நிற்கிறவன் அன்றைக்கு இரவு தன் ராத்தாவின் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத் தொடங்கினான். ராஜா மகன் கிணத்துக்குள்ள இறங்கின இடம் வந்தது. நாங்க எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவனுக்கு அதற்குப் பிறகு தெரியாது என்று எங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"கீழே தண்ணி இருக்கல்ல," என்றான். "ஒரு கதவு இருந்திச்சு."

பிள்ளைகள் கிட்ட வந்து இருந்தாங்க. நாங்களும்தான்.